தொண்டை நோவும் பத்து நாள் மருந்தும்

குழந்தைகள் உள்ள வீட்டில் தொண்டை வலி அடிக்கடி வந்துபோகும் ஓர் உபாதை ஆகையால், அதைப் பற்றி நம்மவர்கள் அதிகமாகக் கவலைப்படுவதில்லை. உப்புப் போட்ட வெந்நீரில் கொப்பளிக்கச் செய்வதும், சுக்கும் மிளகும் தட்டிப்போட்டுக் கஷாயம் வைத்துக் கொடுப்பதும், இரண்டொரு நாள் குளிர்ந்த பதார்த்தங்களை விலக்கிவைப்பதும் போதும் என்று இருந்துவிடுகிறார்கள். பெரும்பாலான சமயங்களில் அது போதுமானதே. தொண்டை நோவுகளில் பெரும்பகுதி வைரஸ் கிருமிகளால் வருவன; ஒரு வாரத்துக்குள் தாமாகவே தணிந்துவிடுவன. ஆனால் இவற்றினிடையே, வெளிப்பார்வைக்கு மற்றவற்றைப் போலவே தோன்றினாலும், கவனியாமல் விட்டால் சில வாரங்களுக்குப் பிறகு இதயத்தையே பற்றிக்கொள்ளக்கூடிய ஒரு வகை உண்டு. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் பாக்டீரியாவால் உண்டாகும் அந்த வகையை எவ்வாறு அடையாளம் கண்டுகொள்வது, அதற்கு என்ன சிகிச்சை, மற்றவர்களுக்குப் பரவாமல் எவ்வாறு தடுப்பது என்பவையே இந்த அத்தியாயத்தின் விஷயங்கள். அவற்றின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நலம்: இந்த நோய்க்குக் கொடுக்கும் மருந்து தொண்டையை ஆற்றுவதோடு இதயத்தையும் காப்பது, ஆகையால் தொண்டை வலி நின்றுவிட்டது என்பதற்காக அதை நடுவில் நிறுத்தலாகாது.

கிருமியும் அதன் இயல்பும்

வியன்னா நகரத்து அறுவை மருத்துவர் தியோடர் பில்ரோத், 1874-ஆம் ஆண்டில், சீழ் பிடித்த புண்களில் கோத்த மணிகளைப் போல வரிசையாக நின்ற நுண்ணுயிர்களைக் கண்டு அவற்றுக்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் பெயரை இட்டார். இவற்றில் பல இனங்கள் உண்டென்பதையும், மனிதருக்குத் தொண்டை நோயை உண்டாக்குவது பெரும்பாலும் 'ஏ' பிரிவைச் சேர்ந்தது என்பதையும் 1933-ஆம் ஆண்டு முதல் வகைப்படுத்திக் காட்டியவர் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய ரெபெக்கா லான்ஸ்ஃபீல்டு அம்மையார்.

இந்த நோய் எந்த வயதினருக்கும் வரலாம். எனினும் 5 வயது முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளையே அதிகமாக நாடும். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு வருவது அபூர்வம். தொண்டை வலி என்று டாக்டரிடம் வரும் பிள்ளைகளில் நூற்றுக்கு 20 முதல் 30 பேருக்கும், பெரியவர்களில் நூற்றுக்கு 5 முதல் 15 பேருக்கும் இக்கிருமி காரணமாக இருக்கக்கூடும் என்பது மருத்துவர்களின் கணக்கு. நோயாளி இருமும்போதும் தும்மும்போதும் உரக்கப் பேசும்போதும் தெறிக்கும் நீர்த்துளிகளின் வழியாக இது பரவுகிறது. கிருமி தொண்டையை அடைந்த 2 முதல் 5 நாட்களில் நோய் வெளிப்படுகிறது. பலர் நெருங்கிப் படுத்துறங்கும் ஒற்றை அறை வீடுகள், மாணவர் விடுதிகள், படை முகாம்கள் ஆகியவை இதன் விருத்திக்கு மிகவும் சௌகரியமான இடங்கள்.

அடையாளம் காணுதல்

வைரஸினால் வரும் தொண்டை நோவு பெரும்பாலும் பரிவாரத்தோடு வரும். மூக்கில் நீர் வடியும், இருமல் இருக்கும், குரல் கம்மிப்போகும், சிலருக்குக் கண் சிவக்கும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நோவோ இவை யாவும் இல்லாமல் திடீரென்று வருவது. காலையில் நன்றாக விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை மாலையில் ஜுரத்தோடு படுத்துக்கொண்டு, எச்சில் விழுங்கினாலே வலிக்கிறது என்று அழும். தலைவலியும், சில பிள்ளைகளுக்கு வயிற்று வலியும் வாந்தியும் கூடவே வருவதால், தாய்மார்கள் அஜீரணம் என்று எண்ணி ஏமாந்துவிடுவதும் உண்டு.

இத்தகைய சமயத்தில் பிள்ளையை வெளிச்சத்தில் உட்காரவைத்து, வாயை அகலத் திறந்து 'ஆ' என்று சொல்லச் செய்து, ஸ்பூன் காம்பினால் நாவின் முன்பகுதியை மெதுவாக அழுத்தி, டார்ச் விளக்கைப் பிடித்துப் பார்க்க வேண்டும். உள்நாக்கின் இரு புறமும் உள்ள டான்சில்கள் செக்கச்செவேலென்று வீங்கியிருக்கின்றனவா, அவற்றின்மேல் வெண்மையாகவோ மஞ்சளாகவோ சீழ்த்திட்டுகள் படிந்திருக்கின்றனவா, மேலண்ணத்தில் குண்டூசி முனையளவு சிவப்புப் புள்ளிகள் தெரிகின்றனவா என்று கவனிக்கவும். பின்பு தாடையின் கோணத்துக்குக் கீழே, கழுத்தின் முன்பக்கத்தில் விரல்களால் தடவிப் பார்த்தால், நெறி கட்டியிருப்பதும், தொட்டவுடன் பிள்ளை வலியால் முகம் சுளிப்பதும் தெரியவரும்.

ஜுரம், டான்சிலில் சீழ்த்திட்டு, கழுத்தின் முன்புறம் வலியுள்ள நெறி, இருமல் இல்லாமை ஆகிய நான்கையும் கொண்டு நோயைக் கணிக்கும் முறை ஒன்றை அமெரிக்க மருத்துவர் ராபர்ட் சென்டார் 1981-இல் வகுத்தார். இன்றும் டாக்டர்கள் அதை அனுசரிக்கிறார்கள். நான்கும் கூடியிருந்தால் சந்தேகம் பலப்படும். ஒன்றும் இல்லாவிட்டால் வைரஸ் என்று பெரும்பாலும் தைரியமாக இருக்கலாம். ஆயினும் நான்கும் இருந்தால்கூட நிச்சயம் என்று சொல்லிவிட முடியாது. கண்ணால் பார்த்து எழும் சந்தேகத்தைப் பரிசோதனையே தீர்க்க வேண்டும்.

பரிசோதனை

நுனியில் பஞ்சு சுற்றிய ஒரு குச்சியினால் இரு டான்சில்களையும் தொண்டையின் பின்சுவரையும் அழுத்தித் துடைத்து எடுப்பதே பரிசோதனையின் முதற்படி. பிள்ளைக்கு ஒரு கணம் குமட்டும், அவ்வளவுதான். அந்தப் பஞ்சை ரத்தம் கலந்த கூழ்த்தட்டில் தேய்த்து உடல் உஷ்ணத்தில் வைத்தால், ஒன்றிரண்டு நாளில் கிருமிகள் சிறுசிறு புள்ளிகளாக வளரும். அவை சுற்றியுள்ள செங்குருதி அணுக்களைக் கரைத்துவிடுவதால், ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் சிவப்பு மறைந்து கண்ணாடி போன்ற தெளிவான வளையம் தோன்றும். சில நிமிஷங்களிலேயே முடிவு சொல்லும் துரிதப் பரிசோதனையும் இப்பொழுது உண்டு; ஆனால் எல்லா ஊர்களிலும் கிடைப்பதில்லை.

இங்கே ஒரு தவறான வழக்கத்தைக் குறிப்பிடுவது அவசியம். தொண்டை வலி என்றவுடன் 'ஏ.எஸ்.ஓ.' என்னும் ரத்தப் பரிசோதனை செய்து, அதன் எண் உயர்ந்திருக்கிறது என்பதற்காகவே மாதக்கணக்கில் பெனிசிலின் ஊசி போட்டுக்கொள்ளும் பிள்ளைகள் நம் நாட்டில் இருக்கிறார்கள். அந்த எண், எப்போதோ அக்கிருமி தேகத்தைத் தீண்டியதற்குச் சாட்சி சொல்லுமேயன்றி, இன்றைய தொண்டை வலிக்கு அதுதான் காரணம் என்று சொல்லாது. அடுத்துச் சொல்லப்போகும் வாத ஜுரத்தின் மற்றக் குறிகள் இருக்கும்போதே அதற்கு மதிப்பு உண்டு.

இதயத்துக்கு வரும் அபாயம்

நம் தேகம் இக்கிருமியை எதிர்க்கும் பொருட்டுத் தயார் செய்யும் தற்காப்புப் பொருள்கள், கிருமியின் மேலுறையில் உள்ள சில புரதங்களுக்கும் இதயம், மூட்டு, மூளை ஆகியவற்றில் உள்ள சில திசுக்களுக்கும் உள்ள ஒற்றுமையினால் மயங்கி, சிலரிடத்தில் சொந்த அவயவங்களையே தாக்கத் தொடங்குகின்றன. தொண்டை நோவு வந்து தணிந்து, எல்லோரும் அதை மறந்துவிட்ட பிறகு, 2 முதல் 3 வாரங்கள் கழித்து இது நிகழ்கிறது. முழங்கால் வீங்கி வலிக்கும், இரண்டு நாளில் அது தணிந்து கணுக்கால் வீங்கும், பிறகு முழங்கை. ஜுரமும் இருக்கும். இதையே ருமாட்டிக் ஜுரம் அல்லது வாத ஜுரம் என்கிறோம். சில பிள்ளைகளுக்கு மூட்டு வலியே இல்லாமல், மாதங்கள் கழித்து, கைகால்கள் தம் வசமின்றி ஆடத் தொடங்கும். தம்ளரைக் கீழே போடுவதும், எழுத்து திடீரென்று கோணுவதும், காரணமின்றி முகம் நெளிவதும் கண்டு, பிள்ளை குறும்பு செய்கிறான் என்று வீட்டிலும் பள்ளியிலும் கண்டிப்பார்கள். அது கண்டிக்க வேண்டிய குறும்பன்று. உடனே டாக்டரிடம் காட்ட வேண்டிய நோய்.

மூட்டு வீக்கம் சுவடின்றி மறைந்துவிடும். வாத ஜுரம் இதயத்தைத் தொட்டால்தான் நிரந்தரமான தழும்பை விட்டுச் செல்லும். இதயத்தின் இடப்புறத்து மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே கதவாக நின்று ரத்தத்தை ஒரே திசையில் செலுத்தும் மைட்ரல் வால்வு முதலில் ஒழுகத் தொடங்கி, நாளடைவில் அதன் இதழ்கள் தடித்து ஒட்டிக்கொண்டு குறுகிப்போகிறது. குளிர்நாடுகளில் இக்குறுக்கம் நடுவயதில் காணப்பட்டதற்கு மாறாக, இந்தியாவில் 20 வயதுக்கு உட்பட்டவர்களிடமே கடுமையாகக் காணப்படுகிறது என்று, டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த சுஜய் ராய் முதலானோர் 1963-ஆம் ஆண்டிலேயே எழுதினார்கள். படியேறினால் மூச்சு வாங்குகிறது என்று வரும் இளம்பெண்ணுக்கும், கர்ப்பகாலத்தில் திடீரென்று மூச்சுத்திணறி விழும் தாய்க்கும், மூலகாரணம் பள்ளிப் பருவத்தில் அலட்சியமாக விடப்பட்ட தொண்டை நோவாக இருக்கலாம்.

இதைத் தடுக்க முடியும் என்பதே நமக்கு ஆறுதல். அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் உள்ள வாரன் விமானப்படைத் தளத்தில், 1949-ஆம் ஆண்டில், தொண்டை நோவு கண்ட இளம் வீரர்களில் சுமார் 800 பேருக்குப் பெனிசிலின் கொடுத்தும், ஏறக்குறைய அதே எண்ணிக்கையினருக்குக் கொடுக்காமலும் மருத்துவர்கள் கவனித்தார்கள். மருந்து பெறாதவர்களில் 17 பேருக்கு வாத ஜுரம் கண்டது. பெற்றவர்களில் 2 பேருக்கே கண்டது. நோய் தொடங்கி 9 நாள் கழித்து மருந்தைத் தொடங்கினாலும் இந்தப் பாதுகாப்புக் கிடைக்கிறது என்பதும் பின்னர் தெளிந்தது. ஆகையால் பரிசோதனை முடிவு வர ஒன்றிரண்டு நாள் ஆனாலும் பதற வேண்டியதில்லை. நோய் கண்ட 9 நாட்களுக்குள் சிகிச்சை தொடங்கிவிட்டதா என்பதே பார்க்க வேண்டியது.

மருந்து

புதிய புதிய மருந்துகள் வந்துவிட்ட இக்காலத்திலும் இந்நோய்க்கு முதல் மருந்து பெனிசிலின்தான். இன்றளவும் அதை எதிர்த்து நிற்கும் வல்லமை இந்தக் கிருமிக்கு வாய்க்கவில்லை. அது மூன்று விதமாகக் கொடுக்கப்படுகிறது.

1. வாய்வழிப் பெனிசிலின், பத்து நாள். வெறும் வயிற்றில் கொடுப்பது சிறந்தது.

2. அமாக்ஸிசிலின், பத்து நாள். சிரப் ருசியாக இருப்பதால் பிள்ளைகளுக்கு இதையே அதிகமாக எழுதுகிறார்கள். பொடியாக வரும் மருந்தைக் காய்ச்சி ஆறிய நீர் விட்டுக் கலக்க வேண்டும். கலக்கிய மருந்தை எத்தனை நாள் வைத்துக்கொள்ளலாம் என்பது புட்டியிலேயே எழுதியிருக்கும். சிலவற்றுக்கு அந்த வாய்தா ஏழு நாளே ஆகையால், பத்து நாள் முடிக்க இரண்டாவது புட்டி வேண்டியிருக்கும். புட்டி தீர்ந்ததையே சிகிச்சை தீர்ந்ததாக எண்ணிவிடக் கூடாது.

3. பென்சதீன் பெனிசிலின் ஊசி, ஒரே தடவை. 27 கிலோவுக்குக் குறைந்த எடையுள்ள பிள்ளைக்கு 6 லட்சம் யூனிட்டும் அதற்கு மேற்பட்டவர்களுக்கு 12 லட்சம் யூனிட்டும் தசையில் போடப்படும். வலி அதிகம்தான், ஆனால் பத்து நாள் மறவாமல் மருந்து கொடுக்க இயலாத குடும்பங்களுக்கு இதைவிட நம்பகமான வழி இல்லை. ஊசிக்குப் பிறகு அரைமணி நேரமாவது மருத்துவமனையில் காத்திருக்க வேண்டும்.

பெனிசிலின் ஒவ்வாதவர்களும் உண்டு. முன்பு எப்போதாவது இம்மருந்தினால் தடிப்போ, முகவீக்கமோ, மூச்சுத்திணறலோ வந்திருந்தால் டாக்டரிடம் மறவாமல் சொல்ல வேண்டும். அவர் வேறு மருந்து எழுதுவார். ஆனால் ஒவ்வாமை ஏதும் இல்லாதவர்கள் மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் மூன்று நாள் அஸித்ரோமைசின் மாத்திரை இந்நோய்க்கு ஏற்றதன்று. அவ்வகை மருந்துகளுக்கு இக்கிருமி பல இடங்களில் மசிவதில்லை என்பதோடு, ஒவ்வாதவர்களுக்குக் கொடுக்கும்போதுகூட அதை 5 நாள் கொடுப்பதே முறை. அதுபோலவே, 'தொண்டை வலிக்கு இரண்டு வேளைக்குக் கொடுங்கள்' என்று கேட்டு, காகிதத்தில் மடித்துத் தரும் செட்டு மாத்திரைகளை விழுங்குவதும் கூடாது. அவை ஜுரத்தை அடக்கி வலியை மறைக்குமேயன்றிக் கிருமியைப் போக்கா.

மருந்து தொடங்கிய இரண்டு மூன்று நாட்களில் ஜுரம் விட்டு, பிள்ளை ஓடியாடத் தொடங்கும். குடும்பங்கள் தவறுவது இந்த இடத்தில்தான். குணமானபின் மருந்து எதற்கு என்று நிறுத்திவிடும்போது, தொண்டையின் மடிப்புகளில் எஞ்சிய கிருமிகள் பிழைத்துக்கொள்கின்றன. ஆகையால் முதல் வேளை கொடுத்த அன்றே, சுவரில் தொங்கும் நாட்காட்டியில் பத்தாம் நாளைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, ஒவ்வொரு வேளைக்கும் ஒரு கோடு இழுத்து வரலாம். ஒரு வேளை மறந்துபோனால் நினைவு வந்தவுடன் கொடுக்கவும். அதற்காக அடுத்த வேளையில் இரட்டிப்பாகக் கொடுக்க வேண்டாம். மூன்று நாளாகியும் ஜுரம் விடவில்லையென்றால் டாக்டரை மறுபடியும் பார்க்க வேண்டும்.

வீட்டுப் பராமரிப்பு

மருந்து தன் வேலையைச் செய்யும் வரையில் வலிக்கு நிவாரணம் வேண்டுமல்லவா? ஜுரத்துக்கும் வலிக்கும் பாரசிட்டமால், பிள்ளையின் எடைக்குத் தக்கபடி, டாக்டர் சொல்லும் இடைவெளியில் கொடுக்கலாம். பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கூடாது. கொப்பளிக்கத் தெரிந்த வயதினருக்கு இளஞ்சூடான உப்புநீர் இதமளிக்கும். குழையக் காய்ச்சிய கஞ்சி, ரசம் சாதம், இளநீர், மோர் ஆகியவை விழுங்க எளிதானவை. சிறிது சிறிதாக அடிக்கடி கொடுத்துவந்தால் நீர்ச்சத்துக் குறையாது. தேன் தொண்டையை மிருதுவாக்கும்; ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு மட்டும் கொடுக்கக் கூடாது. சுக்குக் கஷாயமும், அதிமதுரமும், மஞ்சள் கலந்த பாலும் இதமாக இருக்குமானால் தாராளமாகக் கொடுக்கலாம்; அவை பெனிசிலினின் இடத்தைப் பிடிக்க முடியாது என்பதை மட்டும் மறக்கலாகாது. வாய்க்குள் விரலை விட்டு உள்நாக்கைத் தூக்கிவிடுவதும், தொக்கம் எடுக்கிறோம் என்று அழைத்துச் செல்வதும் புண்ணான தொண்டையை மேலும் புண்ணாக்குவதோடு, மருந்து தொடங்க வேண்டிய நாட்களையும் வீணாக்கிவிடும்.

கீழ்க்கண்டவற்றில் ஒன்று தோன்றினாலும் பொழுது விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்லவும்: எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வாயோரம் வழிதல், வாயைத் திறக்க முடியாமை, குரல் அமுங்கிப்போதல், மூச்சு விடுகையில் சத்தமும் திணறலும், கழுத்து விறைத்தல், பல மணி நேரமாகச் சிறுநீர் பிரியாமை. டான்சிலின் ஒரு புறத்தில் சீழ்க்கட்டி உண்டானால் இவற்றில் சில காணும். டான்சிலை மூடிச் சாம்பல் நிறத்தில் தோல் போன்ற படலம் படர்ந்திருந்தால் அது டிப்தீரியாவாகிய தொண்டை அடைப்பானாக இருக்கலாம். அதைச் சுரண்டிப் பார்க்கவே கூடாது. முத்தடுப்பு ஊசிகளைக் காலத்தில் போடாத பிள்ளையானால் இந்தச் சந்தேகம் இன்னும் அவசரமானது.

தொண்டை நோவு வந்து ஏறக்குறைய பத்து நாள் கழித்து, காலையில் முகம் அதைத்து, சிறுநீர் தேயிலைக் கஷாயத்தின் நிறத்தில் போனால், சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கிறது என்று அறியவும். இதே கிருமியினால் வரும் சிரங்குக்குப் பிறகும் இது வருவதுண்டு. பெரும்பாலான பிள்ளைகள் முற்றிலும் குணமடைகிறார்கள். ஆயினும் ரத்த அழுத்தம் ஏறக்கூடும் ஆகையால் மருத்துவரின் கண்காணிப்பு இன்றியமையாதது.

பரவாமல் தடுத்தல்

இந்த நோய்க்குத் தடுப்பூசி இன்னும் வரவில்லை. ஆகவே நம் பழக்கவழக்கங்களே நமக்குத் தடுப்பு. மருந்து தொடங்கி ஒரு முழு நாள் கழிந்து, ஜுரமும் விட்ட பிறகே பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். அதற்குள் கிருமியைப் பரப்பும் சக்தி பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. அதுவரையில் தனிப் படுக்கை, தனித் தம்ளர், தனித் துண்டு. உதடு படாமல் அண்ணாந்து குடிக்கும் நம் பழைய வழக்கம் இங்கே மிகவும் உபயோகமானது. பள்ளியில் ஒரே தண்ணீர்ப் புட்டியில் பலர் வாய் வைத்துக் குடிப்பதைப் பிள்ளைகள் தவிர்க்கும்படி பழக்க வேண்டும். இருமும்போது முழங்கையின் மடிப்பில் வாயைப் பொத்திக்கொள்வதும், உணவுக்கு முன்னும் மூக்கைத் துடைத்த பின்னும் சோப்புப் போட்டுக் கைகழுவுவதும், ஜன்னல்களைத் திறந்து அறையில் காற்றோட்டம் உண்டாக்குவதும் செலவில்லாத காவல்கள்.

வீட்டில் ஒருவருக்கு வந்துவிட்டது என்பதற்காக எல்லோருக்கும் மருந்து கொடுக்க வேண்டியதில்லை. பள்ளிப் பிள்ளைகளில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் இக்கிருமியை எவ்விதத் தீங்குமின்றித் தொண்டையில் சுமந்திருப்பது உண்டு. அவர்களுக்குச் சிகிச்சை தேவைப்படுவது அபூர்வம். ஜுரமோ தொண்டை வலியோ கண்டவர்களைப் பரிசோதித்தால் போதும். டான்சிலை அறுத்து எடுத்துவிடலாமா என்று பெற்றோர் கேட்பது வழக்கம். ஒரே ஆண்டில் 7 தடவையோ, அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் ஆண்டுக்கு 5 தடவையோ, மூன்று ஆண்டுகளில் ஆண்டுக்கு 3 தடவையோ கடுமையாக வந்திருந்தால் அதைப் பற்றி யோசிக்கலாம் என்பது பொதுவான விதி.

வாத ஜுரம் ஒருமுறை வந்தவர்கள்

வாத ஜுரம் ஒருமுறை வந்த பிள்ளைக்கு, அடுத்துவரும் ஒவ்வொரு தொண்டை நோவும் அதைத் திரும்ப அழைக்கக்கூடும். ஒவ்வொரு தடவையும் வால்வு மேலும் பழுதடையும். ஆகவே அவர்களுக்கு 3 அல்லது 4 வாரங்களுக்கு ஒருமுறை பென்சதீன் பெனிசிலின் ஊசியைத் தொடர்ந்து போட வேண்டும். இதயம் பாதிக்கப்படாதவர்களுக்கு 5 ஆண்டு அல்லது 21 வயது வரை, பாதிக்கப்பட்டு வால்வில் பழுது தங்காதவர்களுக்கு 10 ஆண்டு அல்லது 21 வயது வரை, இவற்றில் எது நீண்டதோ அது. வால்வில் நிரந்தரப் பழுது உள்ளவர்களுக்கு 40 வயது வரை, சிலருக்கு ஆயுள் முழுவதும். பிள்ளை கொழுகொழுவென்று இருக்கிறான், இனி ஊசி எதற்கு என்ற எண்ணமும், வெளியூருக்குக் குடிபெயர்தலும், பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாவதுமே இந்த ஊசி பெரும்பாலும் நின்றுபோகும் சந்தர்ப்பங்கள். பெண் புகுந்த வீடு போகும்போது இந்த ஊசிச் சீட்டும் அவளோடு போக வேண்டும். நோயை மறைத்து அனுப்புவது, பிற்பாடு கர்ப்பகாலத்தில் அவளுடைய உயிருக்கே ஆபத்தை வரவழைப்பதாகும்.

உலக சுகாதார சபை 2018-ஆம் ஆண்டில் இந்த இதயநோயை ஒழிக்க எல்லா நாடுகளும் முயல வேண்டும் என்று தீர்மானம் இயற்றியது. அரசாங்கங்கள் செய்ய வேண்டியவை பல இருக்கலாம். ஆனால் முதற்படி வீட்டில்தான் எடுத்துவைக்கப்படுகிறது. ஜுரத்தோடு தொண்டை வலிக்கிறது என்று பிள்ளை சொல்லும்போது, இருமலும் சளியும் இருக்கின்றனவா என்று கவனிப்பது, அவை இல்லையென்றால் தாமதமின்றி டாக்டரிடம் காட்டுவது, அவர் கொடுத்த மருந்தைப் பத்தாம் நாளின் கடைசி வேளை வரையில் சிரத்தையோடு கொடுப்பது ஆகிய இம்மூன்றும் ஏழைக்கும் செல்வந்தருக்கும் ஒருங்கே இயல்பவை. வால்வு பழுதாகி வாழ்நாளெல்லாம் மருந்தோடு இருக்க வேண்டிய ஒரு நோயைத் தொடக்கத்திலேயே தடுப்பதற்கு இவை போதும்.